ஓரத்தில் நின்றவர்கள்

படிக்கிற கண்ணாடியை மாற்றத்தான் போனேன். கொஞ்ச நாளாகவே புத்தகம் என்னை விட்டு விலகி விலகிப் போய்க்கொண்டிருந்தது. கையை நீட்டி நீட்டிப் பார்த்தேன். ஒரு கட்டத்துக்கு மேல் கை நீளமாட்டேன் என்று சொல்லிவிட்டது. ஐம்பதைத் தாண்டிய உடம்பு வேறு எப்படி இருக்கும்? முழங்கால் ஒருநாள் லீவு கேட்கும், இடுப்பு ஒருநாள் கேட்கும். இப்போது கண்ணின் முறை போல என்று மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தேன். டாக்டரம்மா கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்து பார்த்தார். டாக்டர்கள் இரண்டாம் தரம் குனிவது எனக்கு எப்போதுமே பிடிக்காது.

"கண்ணாடி எழுதித் தர்றேன் சார். அதுக்கு முன்னால இன்னொரு டெஸ்ட் எடுத்துருவோம்" என்றார்.

இருட்டறை. உள்ளே ஒரு வெள்ளைக் கிண்ணம், முகத்தையே கவிழ்த்து வைக்கிற அளவுக்குப் பெரியது. ஒரு கண்ணை மூடிக் கட்டி, மோவாயைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள் அங்கிருந்த பெண். "நடுவுல இருக்குற புள்ளியவே பாருங்க சார். ஓரத்துல எங்கயாவது வெளிச்சம் மினுங்குனா அமுக்குங்க. வெளிச்சத்தத் தேடிக் கண்ண ஓட்டக் கூடாது."

தேடக் கூடாது என்றால் நடக்கிற காரியமா? தேடித் தேடியே கெட்டுப்போன கண் இது. ஆனாலும் நல்ல பிள்ளையாக நடுப்புள்ளியையே பார்த்தேன். மேலே ஒரு மினுக்கு, அமுக்கினேன். கீழே ஒன்று, அமுக்கினேன். சில நேரம் வெளிச்சம் வராமலே அமுக்கினேன், வந்திருக்கும் என்கிற நம்பிக்கையில். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிய கை அல்லவா. பிறகு நெடுநேரம் ஒன்றுமே வரவில்லை. வெள்ளை. வெறும் வெள்ளை. கோடை மத்தியானத்துக் கரிசல் காடு கண்ணுக்கு முன்னால் விரிந்து கிடப்பது மாதிரி.

"மிஷின் நின்னு போச்சா தாயி?"

"ஓடிக்கிட்டுத்தான் சார் இருக்கு."

ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. அந்த இடத்தில், ஸ்பிரிட் வாசம் அடிக்கிற அந்தக் கிண்ணத்துக்குள், எந்தச் சம்பந்தமும் இல்லாமல் கொத்தமல்லிச் செடி நசுங்குகிற வாசம் வந்தது. கூடவே சீனிச்சாமி அண்ணாச்சி வந்தார்.

மல்லிச்செடி பஸ் டயரில் நசுங்குகிற வாசம் உங்களுக்குத் தெரியுமோ, தெரியாதோ. நான் சொல்வது அறுபதுகளின் நடுவில் நடந்தது. நான் கோவில்பட்டிக்கும் கழுகுமலைக்கும் நடுவே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். காக்கிச் சட்டை, தோல் பை, கழுத்தில் விசில், மனசில் கவிதை. டிக்கெட் கிழிக்கிற நேரத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற கண்டக்டரை எந்த முதலாளிதான் விரும்புவான்? என்னை வேலையில் வைத்துக் காப்பாற்றியது டிரைவர் சீனிச்சாமி அண்ணாச்சிதான். "சில்லறை தப்பாக் குடுக்க மாட்டான் முதலாளி. கொஞ்சம் மேகத்தப் பாப்பான். அவ்வளவுதான்" என்று சொல்லி வைத்திருந்தார். அவர் எனக்கு வைத்த பெயர் கவிராயர்.

மாசி மாசம் வந்தால் எங்கள் ரோடு களமாகிவிடும். கரிசல் மண்ணைப் பற்றி எல்லாரும் என்னென்னமோ பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அறுப்பு முடிந்த பிறகு அந்த மண்ணை நம்பி ஒரு மணியைக் கீழே போட முடியாது. வெயில் ஏற ஏற நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். விழுகிற தானியத்தை வெடிப்பு விழுங்கிவிடும். அதனால் மல்லிச்செடியையும், உளுந்தஞ்செடியையும், கொள்ளையும் தூக்கிக்கொண்டு வந்து தார் ரோட்டில் பரப்புவார்கள். பஸ்ஸும் லாரியும் மேலே ஏறிப் போகும். டயர்தான் மாடு, ரோடுதான் களம். வண்டி போனதும் இரண்டு ஓரத்திலிருந்தும் பெண்கள் ஓடி வந்து செடியைப் புரட்டிப் போட்டுவிட்டு, அடுத்த வண்டிச் சத்தம் கேட்டதும் ஓரத்துக்குப் போய் நிற்பார்கள். அந்த ஒரு மாசமும் எங்கள் பஸ் ரசம் கொதிக்கிற அடுக்களை மாதிரி மணக்கும்.

செடி மேல் வண்டி ஓட்டுவது லேசு இல்லை. பிரேக் போட்டால் சறுக்கும், வேகமாய்ப் போனால் மணி தெறித்துக் காட்டுக்குள் போய்விடும். சீனிச்சாமி அண்ணாச்சி பாயில் நடக்கிற மாதிரிப் போவார். அவர் வண்டி வருகிறது என்றால் கிடக்கிற செடியை இன்னும் கொஞ்சம் அகலமாய்ப் பரப்புவார்கள்.

அண்ணாச்சிக்கு அப்போது என் இப்போதைய வயசுதான் இருக்கும். இதை எழுதும்போதுதான் அது உறைக்கிறது. அன்றைக்கு அவர் எனக்குக் கிழவராகத் தெரிந்தார். ஒல்லி, நெட்டை, காதோரம் மட்டும் நரை. கண் என்று பேச்சு வந்தால் போதும், மனுஷருக்கு நெஞ்சு ஒரு சாண் விரியும். கழுகுமலை நெருங்கும்போது, மலை இன்னும் ஒரு கரும்பன்றி படுத்த மாதிரி மட்டும் தெரிகிற தூரத்தில், ஆரம்பித்துவிடுவார்.

"ஏலே கவிராயரே, உச்சிப் பிள்ளையார் கோயிலுக்கு எவனோ ஏறுதான் பாரு. சேப்புத் துண்டு போட்டிருக்கான்."

பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் கழுத்தை நீட்டிப் பார்ப்போம். மலைதான் தெரியும். ஒருதரம் ஊர் போய்ச் சேர்ந்து டீ குடித்துக்கொண்டு இருக்கும்போது, மலையிலிருந்து ஓர் ஆள் வேர்க்க விறுவிறுக்க இறங்கி வந்தான். தோளில் சிவப்புத் துண்டு. அண்ணாச்சி என்னைப் பார்த்து மீசைக்குள் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் மலை மேல் யானை ஏறுகிறது என்று சொன்னாலும் நம்ப ஆள் இருந்தது.

கண்ணை அவர் சும்மா விட்டுவிடவும் இல்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் கண்ணுக்கு ஒரே ஒரு சத்துரு, சூடு. பஸ்ஸில் என்ஜின் டிரைவருக்குப் பக்கத்திலேயே தகர மூடி போட்டு உட்கார்ந்திருக்கும். அதன் மேல் தூக்குவாளியை வைத்தால் கஞ்சி கொதிக்கும். அந்தச் சூடு கண்ணில் ஏறாமல் இருக்க, சனிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய்க் குளியல். படுக்கும்போது இமையில் விளக்கெண்ணெய். காலையில் செல்லம்மா மதினி, அண்ணாச்சியின் வீட்டுக்காரி, மல்லியைக் கொதிக்க வைத்து, வடிகட்டி, ஆற வைத்துக் கண் கழுவக் கொடுப்பார்கள். நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். போதாக்குறைக்கு, கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு வாசலில் அத்தரும் சாம்பிராணியும் விற்கிற பாயிடம் வாங்கிய சுருமா மை வேறு.

"இது கண்ணுல நின்னா, சூடு வாசல்லயே நின்னுரும் அண்ணாச்சி. உள்ள வராது" என்பார் பாய்.

"நீரு என்ன ஓய், கண்ணுக்கே வாட்ச்மேன் வச்சு விக்கீரா?"

வாட்ச்மேன் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். திருட்டு கொல்லைப்புறமாய் நடந்தது.

முதலில் வந்தது கெட்ட பேர்தான். எங்கள் ரோட்டில் ஒரு வழக்கம் உண்டு. பஸ் போகும்போது ஓரத்தில் நிற்கிறவன் கையைத் தூக்குவான். ஏறுவதற்கு இல்லை, சும்மா. வண்டியில் இருக்கிறது நம்ம ஆளு, அவ்வளவுதான். டிரைவர் ஸ்டியரிங்கில் இருந்து இரண்டு விரலை எழுப்பிக் காட்டுவார். கிணற்றடியில் நிற்கிறவனுக்கு இரண்டு விரல், கடைக்காரருக்கு இரண்டு விரல், ரோட்டோரத்துச் சாமிக்கும் அதே இரண்டு விரல். அந்த இரண்டு விரல் எழும்பவில்லை என்றால் அன்றைக்கு ஊரில் பேச்சு.

அண்ணாச்சியின் விரல்கள் மெல்ல மெல்ல எழும்பாமல் போயின. நேரே எதிரில் வருகிறவனுக்கு எழும்பும். ஓரத்தில் நிற்கிறவனுக்கு எழும்பாது.

"உங்க டிரைவருக்குக் கெறுக்கு ஏறிப்போச்சு தம்பி" என்று டிக்கெட் வாங்கிக்கொண்டே சொல்வார்கள். "அவரு சொந்தத் தங்கச்சி புருசன் நிக்கான். மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போறாரு. அப்படி என்ன ஏரோப்பிளேனா ஓட்டுதாரு?"

பாய்கூட ஒருநாள் என்னிடம் முறுக்கிக்கொண்டார். "தெனம் காலையில நான் கையத் தூக்குதேன். அவிய கண்டுக்கிடவே மாட்டங்காவ. சுருமா வாங்க வரும்போது மட்டும் ஓய், ஓய்ங்காவ. நல்லாருக்கா இது?"

ஒரு கல்யாண வீட்டில் பந்தி. அண்ணாச்சிக்குப் பக்கத்து இலை எனக்கு. அவர் சோற்றைப் பிசைந்தார், சாப்பிட்டார், இலையை மடித்தார். இலையின் இடது ஓரத்தில் வைத்த வடையும் கூட்டும் வைத்தபடி இருந்தன. பெண்ணைப் பெற்றவர் ஓடி வந்தார். "ஏன் அண்ணாச்சி, எங்க வீட்டு வடை ஆகாதா?" அண்ணாச்சி மடித்த இலையைத் திரும்பத் திறந்து பார்த்தார். வடை இருந்தது. அவர் முகம் அந்த நேரத்தில் போன போக்கை நான் கவனித்தேன், ஆனால் அதற்கு அர்த்தம் தெரியவில்லை. "வயிறு சரியில்ல" என்று சொல்லிவிட்டு எழுந்தார். வயிறு நன்றாகத்தான் இருந்தது. வெளியே வந்ததும் என்னிடம் வடை கேட்டார்.

வீட்டிலும் ஏச்சு. "நடுவீட்டுல பித்தாளக் கொடம் இருக்கு. பட்டுன்னு எத்திட்டுப் போறாவ. வாச நெலயில தோள இடிக்காவ. நெலகொள்ளாத மனுசன்" என்று மதினி என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். நானும் சிரித்தேன். உலகத்தில் எல்லாப் புருஷனும் குடத்தை எத்துகிறவன்தானே.

இதற்கு நடுவில் லைசென்ஸ் புதுப்பிக்கிற சமயம் வந்தது. கண் பரிசோதனை உண்டு. சுவரில் எழுத்துப் பலகை, மேலே பூசணிக்காய் அளவு எழுத்து, கீழே எறும்பு அளவு. அண்ணாச்சி எறும்பையும் வாசித்துவிட்டார். பரிசோதித்தவரே அசந்துபோய், "இந்த வயசுல இப்படிக் கண்ணா!" என்றாராம். திரும்பி வரும்போது கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு வந்து பஸ்ஸில் இருந்த எல்லாருக்கும் கொடுத்தார். "என் கண்ணுக்கு நானே திருஷ்டி சுத்திப் போடணும் போல" என்றார். பாகு பல்லில் ஒட்ட ஒட்டத் தின்றோம். எழுத்து வாசிக்கிற கண் நல்ல கண். எங்களுக்கெல்லாம் அவ்வளவுதான் தெரியும்.

அந்த மாசியில், பஸ்ஸின் காலை நடை. கழுகுமலைக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். ரோடு முழுக்க மல்லிச்செடி. நான் பின்வாசல் படியில் நின்றுகொண்டு வாசத்தை இழுத்துக்கொண்டிருக்கிறேன். இடது ஓரத்தில் ஒரு பெண் கையில் சுளகோடு குனிந்து, உதிர்ந்த மணியை வாரிக்கொண்டிருந்தாள். ஹாரன் சத்தத்துக்கு நிமிர்ந்து பார்த்தாள். சீனிச்சாமி அண்ணாச்சி வண்டி என்று தெரிந்ததும் மறுபடியும் குனிந்துகொண்டாள். அவர் ஒதுங்கித்தானே போவார், எப்போதும்.

வண்டி ஒதுங்கவில்லை. நான் விசிலை ஊதினேன். வாயில் விசில் இருக்கும்போதே, "அண்ணாச்சீ, லெஃப்ட்டுல ஆளு!" என்று கத்தினேன். அவர் வலது பக்கம் ஒடித்தார். வண்டியின் பக்கவாட்டுத் தகரம் அவளைத் தள்ளிவிட்டது. ஓரத்துப் பள்ளத்தில் போய் விழுந்தாள். சுளகு பின் டயருக்குள் போய் அப்பளமானது.

நான் குதித்து ஓடுவதற்குள் அவளே எழுந்து நின்றாள். முழங்கையில் மட்டும் சிராய்ப்பு. ஆனால் வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஏ டிரைவரு! கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? நான் என்ன மல்லிச்செடியா, மேல ஏத்தி மணியெடுக்க? அந்தா இருக்குற மலையில எறும்பு ஊர்றது தெரியுதாம், இந்தா நிக்குற பொம்பள தெரியலையாம்!"

பஸ்ஸுக்குள் யாரோ சிரித்தார்கள். அண்ணாச்சி இறங்கி வந்தார். "நான் பாக்கல தாயி. நெசமா நான் உன்னப் பாக்கல."

"பாக்காம எப்படி இருப்பீரு? நான் நிமுந்து உம்ம மூஞ்சியப் பாத்தம்லா. நீரும் பாத்தீரு."

அவள் சொன்னதில் பொய் இல்லை. அவர் முகம் அந்தப் பக்கம் இருந்தது. கண்தான் அங்கே இல்லை.

அவர் ரோட்டோரத்தில் ஒரு மைல்கல்லில் உட்கார்ந்தார். மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் திருப்பாமல் கேட்டார். "ஏலே கவிராயரே, நீ இப்ப எங்கன நிக்கே?"

"இந்தா அண்ணாச்சி, உங்க பக்கத்துலதான்."

"நான் மலையத்தான் பாக்குதேன். நீ கைய நீட்டிக்கிட்டு மெல்ல முன்னால வா."

நான் கையை நீட்டிக்கொண்டு அவர் தோளைக் கடந்தேன். காதைக் கடந்தேன். ஒவ்வோர் அடிக்கும் நின்றேன். "இப்ப?" என்றேன். "இல்ல" என்றார். "இப்ப?" "இல்ல." என் கை மலையை மறைக்கப் போகிற இடத்துக்கு வந்த பிறகுதான், "அந்தா, இப்ப தெரியுது" என்றார். மறு பக்கமும் அப்படியே போய் வந்தேன். ஒரு குழாய் வழியாக உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் மனுஷர். குழாயின் அந்தக் கோடியில் மலை துல்லியமாக இருந்தது. இந்தக் கோடியில் நாங்கள் யாருமே இல்லை.

விழுந்த பெண் ஏச்சை நிறுத்திவிட்டாள். சேலை முந்தானையால் முழங்கையை ஒற்றிக்கொண்டே நின்று பார்த்தாள். "ஏன் அண்ணாச்சி, எத்தன நாளா இப்படி?" என்று கேட்டாள். ஏசியபோது டிரைவரு, இப்போது அண்ணாச்சி.

"அதுதான் தாயி தெரியல" என்றார் அவர்.

மிச்ச தூரத்தை நான் என்ஜின் மூடி மேல் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்து, இடது, வலது என்று சொல்லிக்கொண்டே வர, மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டி முடித்தார். ஒருத்தரும் அவசரப்படுத்தவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனது பாய்தான். கடையைப் பூட்டிவிட்டு வந்தார். வழியெல்லாம் ஒரே புலம்பல். "தெனம் இந்தக் கண்ணுக்கு முன்னால நின்னு சுருமா வித்தேனே. கெறுக்குன்னு நெனச்சுக் கோவப்பட்டேனே. அல்லா என்ன சும்மா விடுவானா?"

"விடும் ஓய். நீரு ஓரத்துல நின்னு கையத் தூக்குனா எனக்கு எப்படித் தெரியும்? பஸ்ஸுக்கு நேரா வந்து நின்னிருக்கணும்" என்றார் அண்ணாச்சி. பாய் அழுதுகொண்டே சிரித்தார்.

டாக்டர் அவரைப் படுக்க வைத்து, மரத்துப்போகிற மருந்து விட்டு, விழி மேல் ஒரு சின்னக் கருவியை நிறுத்திப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். "கண்ணுக்குள்ள ஒரு தண்ணி ஊறிக்கிட்டே இருக்கும், வடிஞ்சுக்கிட்டே இருக்கும். வடிகால் சரியில்லன்னா உள்ள முட்டும். முட்டி முட்டி நரம்பைத் தின்னுரும். ஓரத்துல ஆரம்பிக்கும். நடுப்பார்வை கடைசி வரைக்கும் நல்லா இருக்கும்."

"வலிக்கவே இல்லையே ஐயா."

"வலிச்சிருந்தா முன்னாலயே வந்திருப்பீரே. நாப்பது வயசு தாண்டினவன் கண்ணு நல்லா தெரியுதுன்னு சும்மா இருக்கக் கூடாது. வருசத்துக்கு ஒருதரம் இந்த அழுத்தத்தப் பாத்துக்கிடணும். கூடப் பொறந்தவங்க, பிள்ளைங்க எல்லாரையும் பாக்கச் சொல்லும்."

"போனது?"

"போனது வராது. இருக்குறத நிப்பாட்டி வைக்கலாம். தெனமும் ஊத்தச் சொட்டு மருந்து தாரேன். ஒருநாள் விடக் கூடாது."

"எது வரைக்கும்?"

"இருக்குற வரைக்கும்."

அண்ணாச்சி, "வண்டி ஓட்டலாமா ஐயா?" என்று கேட்டார். டாக்டர் கை கழுவப் போனார்.

மறுநாள் முதலாளியின் முன்னால் நின்றோம். முதலாளிக்கு நல்ல டிரைவரை விட மனசில்லை. "லைசென்ஸ் இருக்குல்லா? கடைசி எழுத்து வரைக்கும் வாசிச்சீருல்லா? பெறகு என்ன? பகல் வண்டி மட்டும் ஓட்டும்" என்றார். அண்ணாச்சி தலையை ஆட்டியிருந்தால் போதும், எல்லாம் பழையபடி ஓடியிருக்கும். வயசுக்கு வந்த மகள் வீட்டில் இருந்தாள். ஸ்டியரிங்கை விட்டால் அவருக்கு வேறு தொழிலும் தெரியாது.

"எழுத்து நடுவுல இருக்கு முதலாளி" என்றார் அண்ணாச்சி. "மனுசன் ஓரத்துலல்லா நிக்கான்."

சாவியை மேஜை மேல் வைத்தார். அதற்குப் பிறகு ஷெட்டில் டயருக்குக் காற்றுப் பார்க்கிற வேலை கொடுத்தார்கள்.

இந்தக் கதையை நான் இத்தோடு முடித்துவிட்டால் நன்றாக இருக்கும். இதுவரைக்கும் எல்லாரும் நல்லவர்கள், எல்லாரும் சரியாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனால் கண்ணின் கதை அப்படி முடிகிற கதை இல்லையே. அந்தக் காலத்துச் சொட்டு மருந்து பொல்லாதது. விட்டதும் புருவத்துக்கு மேல் சம்மட்டி அடிக்கும். கண்பாப்பா சுருங்கிப்போய் பட்டப்பகலில் அந்தி இருட்டு இறங்கும். நல்லதாக இருந்த நடுப்பார்வையும் மங்கும். அண்ணாச்சி இரண்டு மாசம் பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றிக்கொண்டார். பிறகு ஒருநாள் ஷெட்டில் வைத்து என்னிடம் கேட்டார்.

"மருந்து விட்டா இருட்டுது. விடாட்டி வெளிச்சமா இருக்கு. எது மருந்து, எது நோவுன்னு நீயே சொல்லு கவிராயரே."

"டாக்டர் ஒருநாள்கூட நிறுத்தக் கூடாதுன்னு சொன்னாரே அண்ணாச்சி."

"அவரு சொன்னாரு. கண்ணு வேண்டாங்குதே."

எனக்கு மதுரையில் ஓர் அச்சாபீசில் பிழை திருத்துகிற வேலை கிடைத்து, அந்த வைகாசியில் கிளம்பிப் போனேன். பிறகு நடந்ததெல்லாம் பாய் சொல்லித் தெரிந்ததுதான். பாய் மருந்துப் புட்டி வாங்கி வந்து கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். மதினி ஏசியிருக்கிறார்கள், கெஞ்சியிருக்கிறார்கள், ஒருதரம் பட்டினியும் கிடந்திருக்கிறார்கள். புட்டிகள் மாடக்குழியில் வரிசையாக நின்றன. இமையில் மறுபடியும் விளக்கெண்ணெய் ஏறியது. விளக்கெண்ணெய் ஜில்லென்று இருக்கும். மனுஷனுக்கு உடனே தெரிகிற சுகம் அது. காப்பாற்றுகிற மருந்தோ ஒன்றுமே காட்டாது. நாளைக்கும் இன்றைக்குப் போலவே இருக்கும் என்பதுதான் அது தருகிற மொத்தப் பலன். அதை நம்பி ஒவ்வொரு நாளும் வலியை ஊற்றிக்கொள்ளப் பெரிய பொறுமை வேண்டும். மழை வருமா வராதா என்று தெரியாமல் விதைத்துவிட்டுக் காத்துக் கிடக்கிற ஊரில் பிறந்த மனுஷருக்கே அந்தப் பொறுமை இல்லாமல் போயிற்று என்பதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாத விஷயம்.

பல வருஷம் கழித்துக் கழுகுமலைக்குப் போனேன். ஊருக்குள் பஸ் நுழைகிற இடத்தில் ஒரு வாகைமரம். அதன் அடியில் கயிற்றுக் கட்டிலில் அவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் பஸ் ஹாரன் அடித்தது. அவர் கையைத் தூக்கினார். டிரைவர் பழைய ஆள் போல, பந்து ஹாரனை இன்னொரு தரம் அமுக்கி 'பாம்' என்று பதில் சொன்னார். இறங்கி நடந்து வந்தேன். அதற்குள் எதிர்ப்பக்கமாய் இன்னொரு பஸ். அதற்கும் கை எழும்பியது.

"அண்ணாச்சி" என்றேன்.

"கவிராயரா? வா, இங்கன உக்காரு. நேரா வந்து நில்லு, ஓரத்துல நிக்காதன்னு இனிமே சொல்ல வேண்டியதில்ல. எங்க நின்னாலும் ஒண்ணுதான்." சிரித்தார். மலை இருக்கிற பக்கம் முகத்தை வைத்திருந்தார். அந்தக் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"எதுக்கு அண்ணாச்சி எல்லா வண்டிக்கும் கையத் தூக்குதீங்க?"

"நான் ஓட்டும்போது ரோட்டுல எத்தனையோ பேரு தூக்குனான்லா. அந்தக் கையெல்லாம் எனக்கு வந்து சேரல. இப்ப நான் தூக்குதேன். எவனாவது பாத்தாப் பாக்கட்டும்." "பாக்காமப் போறவன் மேல கோவப்படாத தம்பி. அந்தப் பக்கம் அவனுக்குக் கண்ணு இருக்கோ என்னமோ."

அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

வெள்ளைக் கிண்ணத்திலிருந்து முகத்தை எடுத்ததும் டாக்டரம்மா ஒரு படத்தைக் காட்டினார். இடது கண்ணின் மேல் ஓரத்தில் ஒரு கரும்பூச்சு, மழை ஒழுகுகிற சுவரில் படிகிற பாசி மாதிரி. "ஆரம்பம்தான் சார். நல்ல வேளை, வந்துட்டீங்க. சொட்டு மருந்து விட்டா இப்படியே நிப்பாட்டிரலாம். ஆனா ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது." எது வரைக்கும் என்று நான் கேட்கவில்லை. பாளையங்கோட்டையிலேயே பதில் கேட்டுவிட்டு வந்தவன் நான்.

இப்போதைய மருந்து வலிப்பதில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் அண்ணாந்து ஒரு சொட்டு, அவ்வளவுதான். ஆனாலும் உங்களிடம் சொல்வதற்கு என்ன, அலுப்பாக இருக்கிறது. ஒன்றும் குறையவில்லை, ஒன்றும் கூடவில்லை, ஒவ்வோர் அந்தியிலும் அதே அண்ணாத்தல். "விட்டாச்சா?" என்று வீட்டில் குரல் வரும். சில நாள் அந்தக் குரல் செல்லம்மா மதினி குரலாகக் கேட்கிறது. ஒரு சொட்டு விட்டுக்கொள்கிறேன். என் மகனையும் மகளையும் கண்ணின் அழுத்தம் பார்க்க அனுப்பினேன். சலித்துக்கொண்டேதான் போனார்கள், போகட்டும். சலித்துக்கொண்டு போனாலும் கண் கண்தானே.

போன மாசியில் கோவில்பட்டிக்கு ஒரு சாவுக்குப் போனவன், சும்மா கழுகுமலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். ரோடு அகலமாகி இருக்கிறது. செடி பரப்ப ஆள் இல்லை, பரப்பினால் திட்டுகிறார்கள். பாயின் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். பந்து ஹாரன் போய், காதைக் கிழிக்கிற காற்று ஹாரன் வந்துவிட்டது. ஓரத்தில் நின்றவர்கள் யாரும் கையைத் தூக்கவில்லை, டிரைவர் விரலும் எழும்பவில்லை. பஸ்ஸில் டீசல் வாசம் மட்டும் இருந்தது. வாகைமரம் வருகிற இடம் என்று தோன்றியதும், ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டித் தூக்கினேன். பக்கத்தில் இருந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அங்கே யாரும் இல்லை. ஆள் இருந்தும் என் இடது கண்ணுக்குத்தான் தெரியவில்லையோ என்னவோ.